எரியாத மருந்து

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஜொஹராவின் துணிக்கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப்பேர்தான் துணி எடுக்க வருகிறவர்கள். மீதிப்பேர் எதையாவது தொலைத்துவிட்டோ, யார்மேலாவது சந்தேகப்பட்டோ வருகிறவர்கள். ஒரு தேங்காய்த் திருட்டில், பிடிபட்டவனின் வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது வாழைக்கறை. அன்னிக்கு இவன் தென்னந்தோப்புப் பக்கமே போகலை" என்று ஜொஹரா சொன்னார். அது சரியாகப் போனதிலிருந்து போலீஸ்காரர்கள்கூடத் தீபாவளிக்குத் துணி எடுக்கும் சாக்கில் வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஜொஹராவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவசரம் என்பது அவருடைய உடம்பிலேயே கிடையாது. அந்தக் குறையைச் சேர்த்து ஈடுகட்ட மௌனிகா இருந்தாள். பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பெயர் வைத்த அன்று வீட்டில் யாரும் அவளைச் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள். முழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுவாள். பாடம் இல்லாத நேரத்தில் 'எல்' போர்டு போட்ட காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஜொஹராவின் வழக்குகளுக்குத் தானே ஒரு முடிவு சொல்வாள். பெரும்பாலும் அது தப்பாகத்தான் இருக்கும். அதற்காக அவள் ஒருநாளும் மனம் தளர்ந்ததில்லை.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெருமாட்டி ஈஸ்வரமூர்த்தி நனைந்தபடி கடைக்குள் வந்தார். தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ளவர்; அறுபதைத் தாண்டியவர். கையில் ஒரு மஞ்சள் பை. முகத்தில் இரண்டு நாள் தாடி.

"ஜொஹராம்மா, நானு நேரா ஸ்டேசனுக்குத்தானுங்க கெளம்புனேன். எம்பட ஊட்டுக்காரி ஆஸ்பத்திரியில படுத்துட்டே போன்ல சத்தியம் வாங்கிட்டா. 'மொதல்ல ஜொஹராவப் பாத்துக் கேளுங்க, பொறவு எங்க வேணா போங்க'ங்கறா."

"உக்காருங்கண்ணா. தலையத் தொடைங்க மொதல்ல," என்று ஜொஹரா ஒரு புதுத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. மனைவி ஜானகியம்மாளுக்குக் குடலில் புற்றுநோய். ஊசி போட்டுப் போட்டுக் கை நரம்பெல்லாம் சுருண்டுவிட்டதால், ஆவணியில் இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சிறு டப்பியை வைத்துத் தைத்தார்கள். போர்ட் என்று பெயர். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இருதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக் குழாய்க்குள் போகிறது.

"தோட்டத்துச் சொட்டுநீருக்கு மெயின் லைன் இருக்கற மாதிரிதானுங்க. அதுல விட்டா ஒடம்பு பூராப் போயிரும். ஆஸ்பத்திரியில அந்த டப்பிக்குள்ள ஊசியக் குத்தி, மருந்து பம்பு ஒண்ணக் கோத்து ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. ரெண்டு நாள் சொட்டுச் சொட்டா எறங்கும். முடிஞ்சதும் பாலியேட்டிவ் வண்டியில நர்சு வந்து, குழாயக் கழுவி உட்டு, ஊசிய எடுத்துட்டுப் போவும். ஜிஸ்மின்னு ஒரு புள்ள."

பாலியேட்டிவ் வண்டி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் ஊர்க் குழு. ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், ஒரு ஜீப்.

"கடைசியா ஊசி எடுத்த அன்னிக்குச் சாயங்காலமே ஆளத் தூக்கிப் போடற மாதிரி குளுரு. பொறவு காச்சல். ரத்தத்துல கிருமின்னுட்டாங்க. இவளுக்கு மட்டுமில்லீங்க. நம்ம ரத்தினசாமிக்கு, அப்பறம் நல்லேப்பிள்ளியில ஒரு டீச்சருக்கு. மூணு பேருக்கும் போர்ட்டு இருக்குது, மூணு பேருக்கும் ஒரே சாதிக் கிருமி. தண்ணியில வாழற கிருமியாம். ஜானகிக்கு டப்பியவே அறுத்து எடுத்துட்டாங்க. மூணு பேருக்கும் ஊசி எடுத்தது ஒரே கைங்க அம்மிணி. அந்தப் புள்ள கை."

"ஜானகியக்கா என்ன சொல்றாங்க?"

ஈஸ்வரமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளா? 'அந்தப் புள்ளைக்கு இருக்கற பதனம் யாருக்கும் வராது. முன்னெல்லாம் ஊசி எடுத்துட்டுத் தோலத் தொடைக்கற அந்த ரோஸ் மருந்து பட்டா ஜில்லுனு இழுக்கும், எரியும். இப்ப ரெண்டு தடவையா எரியறதே இல்ல, பூவாட்டத் தொடைக்குது'ன்னு அதுக்கு வக்காலத்து. ஆஸ்பத்திரியில மறுக்கா வலப்பக்கம் ஒரு டப்பி வைக்கறேங்கறாங்க. இவ, அந்தப் புள்ள வந்தா வெச்சுக்கறேன், இல்லீன்னா டப்பியும் வேண்டாம் மருந்தும் வேண்டாமுன்னு சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. வெள்ளிக்கெழமைக்குள்ள முடிவு சொல்லோணும். நானு என்னுங்க பண்றது? அதை வரவுட்டா மறுக்கா கிருமி. வேண்டாம்னா இவ மருந்தையே உட்டுருவா."

பாடம் இல்லாததால் அங்கேயே இருந்த மௌனிகா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு அவர் மஞ்சள் பையைத் திறந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து மேஜைமேல் போட்டார். "சாட்சிக்கு இருக்கட்டும்னு கொண்டாந்தேன். அன்னிக்குக் கழுத்துக்கு அடியில போட்ட துண்டு. தொடைக்கறப்ப அந்த ரோஸ் மருந்தச் சொட்ட உட்டிருக்குது. ஊட்டுல ஆளில்லீன்னு நானே சோப்புப் போட்டுத் தேச்சேன். முன்னத்த தடவையெல்லாம் ஒரே அலசுல போன கறை, இப்பத் தேய்க்கத் தேய்க்க ஊதாவாப் போவுது."

ஜொஹரா துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரல் அகலத்தில் மூன்று ஊதாப் பொட்டுகள். ஒன்றின் விளிம்பில் மட்டும் சோப்புப் படாமல் பழைய ரோஸ் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டை மடித்து வைத்துக்கொண்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"குழாய் கழுவற மருந்து யார் வாங்கறது?"

"அவங்கவங்கதானுங்க. நானு சித்தூருல வாங்குவேன். ரத்தினசாமி பொள்ளாச்சியில வாங்குவாப்ல. சீல் ஒடைக்காமத்தான் குடுப்போம்."

"ஜிஸ்மி கட்டுப்போடப் போற மத்த வீடுகள்ல யாருக்காவது காய்ச்சல்?"

"இல்லீங்க. படுக்கைப்புண்ணு, அது இதுன்னு தெனம் பத்து ஊடு போவுது. அங்கெல்லாம் ஒண்ணுமில்ல."

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பாலியேட்டிவ் ஆபீசுக்கு வாங்கண்ணா. அதுவரைக்கும் ஸ்டேஷன் எங்கயும் ஓடிப்போகாது."

அவர் தலை மறைந்ததும் மௌனிகா ஆரம்பித்தாள். "அக்கா, வேணும்னே செஞ்சிருக்காங்க. போர்ட் இருக்கறவங்களாப் பாத்துப் பாத்து!"

"போர்ட் இல்லாதவங்க உடம்புல கிருமி நேரா ரத்தத்துக்குப் போக வழி இல்லடீ. அவங்களுக்கும் அதே கிருமி போயிருக்கலாம். தோல் தடுத்திருக்கும்," என்றார் ஜொஹரா. "ஜிஸ்மிய வரச் சொல்லு. ஒரு டீ குடிக்கலாம்."

ஜிஸ்மிக்கு இருபத்தேழு வயதிருக்கும். இடுக்கியில் சாந்தன்பாறைக்காரி. அப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பெண்களிடம் தமிழ் கற்றவள். குழு அவளை நேற்றிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தது. கண்கள் வீங்கிப் போயிருந்தன.

ஜொஹரா டீயில் நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டிருந்தார். அந்த வாசத்துக்கு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பிரியாணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜிஸ்மி இரண்டு வாய் குடித்தாள். "நல்ல சாயா, சேச்சி. எங்க ஊர்ல எதை எடுத்தாலும் ஏலக்காயைப் போட்டுருவாங்க. வெறும் சாயா குடிச்சு நாளாச்சு."

மௌனிகா ஜொஹராவைப் பார்த்தாள். பாவம், பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுகிறது இந்தப் பெண். ஜொஹரா இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

"ஊசி எப்படி எடுப்பே? ஒண்ணுவிடாமச் சொல்லு."

"கை கழுவுவேன். புது கிளவுஸ் போடுவேன். ரோஸ் மருந்துல பஞ்சை நனைச்சு, குழாய் வாயை நல்லாத் தேய்ப்பேன். ஸ்பிரிட் கலந்த மருந்து சேச்சி, கிருமி ஒண்ணும் நிக்காது. அது காயற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் சலைன் விட்டுக் கழுவி, ஊசியை எடுத்துட்டு, தோலையும் அதே மருந்துல துடைப்பேன். ஒண்ணையும் விட மாட்டேன். மாதாவாணை."

"காயறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நிமிஷம் போதும். இப்ப மழைக்காலம்லா, ரெண்டு நிமிஷம் ஆனாலும் ஈரம் நிக்குது. நான் பஞ்சால ஒத்தி எடுத்துருவேன்."

"மருந்துப் பாட்டிலை யார் நிறைக்கறது?"

"ஆபீஸ்ல நிமி சேச்சி. காலைல வண்டில ஏறுறப்போ பாட்டில் எப்பவும் நிறைஞ்சிருக்கும்." சொல்லிவிட்டுச் சட்டென்று அழுதாள். "ஜானகியம்மா என்னைய மகளா நினைச்சு மோளேன்னு கூப்பிடுறவங்க சேச்சி. நானா அவங்களுக்குக் கெடுதல் பண்ணுவேன்?"

மௌனிகாவுக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் காரில் ஏறியதும், "நம்ப முடியாதுக்கா, நல்லா அழறவங்களைத்தான் நம்பக் கூடாது," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பாலியேட்டிவ் குழுவின் ஆபீஸ் பெருமாட்டிச் சாலையில் ஒரு பழைய ஓட்டு வீடு. வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் குப்பண்ணன் அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிக்கொண்டிருந்தார். ஆனைமலைப் பக்கத்துக்காரர், பழைய டிரைவர் வளைகுடாவுக்குப் போனதால் ஓணம் முடிந்து வேலைக்குச் சேர்ந்தவர். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மடக்கு சக்கரநாற்காலி, ஜிஸ்மியின் பை, பாதி கிழிந்த லேபிளோடு ஒரு வெள்ளைக் கேன்.

"வாங்க அம்மிணி, வாங்க," என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் கும்பிட்டார். "அந்தப் புள்ளைய நாளைக்காச்சும் வேலைக்கு வரச் சொல்லுவாங்களா? தங்கமான புள்ளைங்க அது. ஓடி ஓடிச் செய்யும். நாம பாத்து ஒத்தாசை பண்ணுனாத்தான் ஒண்டி ஆளா எல்லாத்தையும் முடிக்க முடியும்."

உள்ளே செயலாளர் நிமி இருந்தார். எல்லாவற்றையும் துடைத்து, எல்லாவற்றிலும் தேதி எழுதி ஒட்டிவைக்கும் ரகம். பாட்டிலைப் பற்றிக் கேட்டதும் அவருடைய புருவம் ஏறியது.

"மருந்துப் பாட்டிலா? அது நர்ஸோட வேலை. ஜிஸ்மியே நிறைச்சுக்கும். நான் அதுல கை வைக்கறதேயில்லை."

மௌனிகா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள்! ஜொஹரா அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார். "மருந்துக் கேனைக் கொஞ்சம் பாக்கலாமா?"

நிமி அலமாரியைத் திறந்தார். ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். ஓணத்துக்கு முந்தின வாரத் தேதி ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்தபோது ஸ்பிரிட் நெடி மூக்கைத் துளைத்தது. கழுத்திலிருந்து நாலு விரல்தான் குறைந்திருந்தது.

"முந்தியெல்லாம் ரெண்டு மாசத்துல ஒரு கேன் காலியாயிரும்," என்று நிமி பெருமையாகச் சொன்னார். "ஜிஸ்மி சிக்கனக்காரி. அதையாவது சொல்லணும்."

பிறகு மூவருக்கும் கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தது. பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், எந்த ஓட்டலுக்குப் போனாலும், எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே கிடைப்பது. மௌனிகா ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். அந்த நேரம் சாவியை மாட்ட உள்ளே வந்த குப்பண்ணன் அவளுடைய தம்ளரைப் பார்த்து நின்றார்.

"சர்பத்துங்களா அம்மிணி? இந்த மழையிலயா?"

மௌனிகா சிரித்துவிட்டாள். "உங்களுக்கும் வேணுமாண்ணா?"

"வேண்டாமுங்க. நமக்கு ஊட்டுத் தண்ணி இருக்குது," என்று தோளில் தொங்கிய பாட்டிலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஜொஹரா தன் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவர், குடிக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரும் இருங்க," என்று நிமியிடம் சொன்னார். "ஜிஸ்மியோட பை பூட்டியே இருக்கட்டும். யாரும் தொட வேண்டாம்."

திரும்பும் வழியெல்லாம் மௌனிகா மூன்று முடிவு சொன்னாள். நிமி பொய்க்காரி, இல்லாவிட்டால் ஜிஸ்மி மருந்தைக் கடத்தி விற்கிறாள், அதுவும் இல்லாவிட்டால் பஞ்சில் சூது. மூன்றாவது முடிவின்போது ஜொஹரா கேட்டார்: "பாட்டில் தினமும் நிறையுது. கேன் குறையலை. அப்ப பாட்டில்ல வந்து விழறது எது?" மௌனிகா பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, கொழிஞ்சாம்பாறை வரும்வரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஆபீஸ் மேஜையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். ஒரு ஓரத்தில் ஈஸ்வரமூர்த்தி, அவர் முகத்தைப் பார்க்காமல் எதிர் ஓரத்தில் ஜிஸ்மி. நிமி மேஜையை இன்னொரு தடவை துடைத்தார். குப்பண்ணன் உட்கார மாட்டேன் என்று கதவருகே நின்றார். ஜொஹரா கைப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தார்.

"மூணு கண்ணாடித் தம்ளர் கொண்டு வாங்க, நிமி. ஒண்ணுல அலமாரிக் கேன் மருந்து. ஒண்ணுல ஜிஸ்மி பையில இருக்கற பாட்டில் மருந்து. ஒண்ணுல உங்க சமையல்கட்டுத் தண்ணி."

மூன்று தம்ளரும் ஒரே இளஞ்சிவப்பில் வரிசையாக நின்றன. எது எதுவென்று தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

"நான் துணி விக்கறவ. எனக்குத் தெரிஞ்சது சாயமும் கறையும்தான்," என்றார் ஜொஹரா. "ஈஸ்வரமூர்த்தியண்ணன் கொண்டுவந்த துண்டுல ரோஸ் கறை சோப்புப் பட்டு ஊதாவாச்சு. மருந்துக் கம்பெனி போடற சாயம் அலசினாப் போயிரும், நிறம் மாறாது. சோப்புலயும் சுண்ணாம்புலயும் ஊதாவாகற ரோஸ் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். அதே ரோஸ் புளிப்புப் பட்டா மஞ்சளாகும். பாருங்க."

எலுமிச்சையை முதல் தம்ளரில் பிழிந்தார். மருந்து கொஞ்சம் கலங்கியதே தவிர நிறம் மாறவில்லை. மூன்றாவதில் பிழிந்தார். பதிமுகத் தண்ணீர் கண்ணெதிரே வெளுத்து மஞ்சளானது. அது எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுதான். ஓட்டலில் பிள்ளைகள் செய்வது. பிறகு நடுத் தம்ளர். ஜிஸ்மியின் பாட்டிலிலிருந்து எடுத்தது. நாலு சொட்டு விழுந்ததும் அதுவும் மஞ்சளானது.

"ஈசோயே!" என்று ஏசுவைக் கூப்பிட்டபடி ஜிஸ்மி எழுந்துவிட்டாள்.

"ஜானகியக்கா உன்னைப் புகழ்ந்துதான் சொன்னாங்க, இப்பல்லாம் எரியறதேயில்லைன்னு," ஜொஹரா தொடர்ந்தார். "ஸ்பிரிட்டு எரியும், ஜில்லுனு இழுக்கும், உடனே காயும். நீ ஈரம் நிக்குதுன்னே. மழைதான் காரணம்னு நினைச்சே. கிருமி தண்ணியில வாழறதுன்னு டாக்டர் சொன்னாரு. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுச்சு. நீ குழாய் வாயைத் தேய்ச்சதெல்லாம் நாலு நாள் பழசான தண்ணியில."

"அந்தத் தண்ணியத்தானே நாங்க எல்லாரும் குடிக்கறோம்!" என்றார் நிமி. "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"வயித்துக்குப் போனா வயிறு பாத்துக்கும். போர்ட் வழியா ரத்தத்துக்குள்ள போனாத் தடுக்க ஆளில்லை. அதுவும் கீமோ எடுத்துக்கிட்டிருக்கற உடம்பு."

"யாரு ஊத்துனது?" ஈஸ்வரமூர்த்தியின் கை மேஜை விளிம்பை இறுக்கியது. "அதச் சொல்லுங்க."

ஜொஹரா கதவுப் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "குப்பண்ணா, காலையில பாட்டில் குறைஞ்சிருந்தா நிறைச்சு வைக்கறது நீங்கதானே?"

"ஆமாங்க, நாந்தானுங்க," என்றார் குப்பண்ணன். அவர் முகத்தில் பயமே இல்லை. செய்த உதவியை யாரோ கவனித்துவிட்டார்கள் என்ற சின்னப் பெருமைதான் இருந்தது. "அந்தப் புள்ள ஓடியாந்து ஏறுறதுக்குள்ள, வண்டியில இருக்கற மருந்துக் கேன்ல இருந்து ஊத்தி வெச்சுருவனுங்க. தெனமும் தப்பாது."

"வண்டியில இருக்கறது மருந்தில்லண்ணா," என்றாள் மௌனிகா. சொல்லும்போதே அவளுக்கு நேற்றைய சர்பத் நினைவுக்கு வந்தது. "அது தண்ணி. குடிக்கற தண்ணி."

"தண்ணியா?" குப்பண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ரோஸ் கலர்லயா? எங்கூருல தண்ணிக்கு ஏதுங்க கலரு? கேன்மேல மருந்துப் பேரு ஒட்டியிருந்துச்சுங்களே. அலமாரியில இருக்கற அதே கேனு, அதே கலரு."

நிமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பழைய மருந்துக் கேன் நல்ல கேனாயிற்றே, வீசுவானேன் என்று வெந்நீரில் கழுவி, வண்டிக்குக் குடிதண்ணீர் வைத்தது அவர்தான். சனிக்கிழமை நிறைத்தால் புதன்வரை வரும். அந்தப் பக்கத்தில் பிறந்த யார் பார்த்தாலும் அது தண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். அதனாலேயே யாருக்கும் அதைப் புதிதாக வந்தவரிடம் சொல்லத் தோன்றவில்லை. எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி வளர்ந்த மனிதருக்கு, சிவப்பாக இருந்தால் அது மருந்து.

"பாட்டிலை நிறைக்கறது நிமின்னு ஜிஸ்மி நினைச்சா. ஜிஸ்மின்னு நிமி நினைச்சீங்க. பழைய டிரைவர் போனப்புறம் யாரோட வேலையும் இல்லாத வேலையை இவரு அன்பா எடுத்துக்கிட்டாரு," என்றார் ஜொஹரா. "ஒரே நாள்ல முழுசாத் தண்ணியா இருந்திருந்தா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. பாதி மருந்து இருக்கும்போதே மேல மேல ஊத்தினதால மெல்ல மெல்லத்தான் மாறிச்சு. பாட்டிலையும் கேனையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புங்க. மூணு நாள்ல அதே கிருமின்னு எழுதித் தருவாங்க."

குப்பண்ணன் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு உசிரு… என்னய ஸ்டேசன்ல குடுத்துருங்க சாமி," என்று ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஈஸ்வரமூர்த்தி அந்த மஞ்சள் தம்ளரை ஓரமாக நகர்த்திவைத்தார். "எந்திரீங்க. எங்கம்மாவும் உடுமலையில இருந்து வாக்கப்பட்டு வந்தன்னிக்கு, இந்தத் தண்ணியப் பாத்து ரத்தமுன்னு அலறுச்சாம்," என்றார். அவர் வந்தபோது இருந்த கோபம் இப்போது போக இடமில்லாமல் கண்ணில் நீராக நின்றது. பிறகு ஜிஸ்மியிடம் திரும்பினார். "கண்ணு, தப்பு உம்பட கையில இல்ல. ஜானகிகிட்டச் சொல்லீர்றேன். வெள்ளிக்கெழமை டப்பி வைக்கச் சொல்லலாமுங்களா?"

ஜிஸ்மி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என்மேலயும் தப்பு இருக்கு. கொரோனா வந்து போனதுல இருந்து எனக்கு மணமே தெரியாது. ஸ்பிரிட்டு, டெட்டால், எதுவும். சொன்னா வேலை போயிரும்னு யார்ட்டயும் சொல்லலை. வாசம் தெரிஞ்சிருந்தா முத நாளே கண்டுபிடிச்சிருப்பேன்." அவள் ஜொஹராவைப் பார்த்தாள். "சேச்சிக்கு முன்னமே தெரியும்ல?"

"நாலு ஏலக்காய் போட்ட டீயை வெறும் டீன்னியே. அதுவும் சாந்தன்பாறைக்காரி," என்றார் ஜொஹரா.

மௌனிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான் வரலை," என்றாள் ஜிஸ்மி. "வேற நர்ஸை அனுப்பச் சொல்லுங்க. எனக்கு இனி எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் பயம்."

நேற்று அவளைத் துரத்தப் புறப்பட்டவர் இன்று அவளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஈஸ்வரமூர்த்திக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடைசியில் அந்த அட்டையை எடுத்து, தூசி இல்லாத இடத்தில் தூசி துடைத்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு வாசம் தெரியாட்டிப் பரவால்ல கண்ணு. நீ வா. நானு பக்கத்துல உக்காந்து மோந்து பாத்துச் சொல்றேன்."

ஜிஸ்மி அட்டையைத் தொடவில்லை. ஆனால் திருப்பித் தள்ளவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஜானகியம்மாள் சம்மதம் சொன்ன செய்தியை மௌனிகாதான் சந்தை முழுக்கச் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

கார்த்திகை நடுவில் ஒரு மதியம், எல் போர்டுக் கார் பெருமாட்டித் தோப்புக்குள் நுழைந்தது. ஜானகியம்மாளுக்கு வலப்பக்கப் போர்ட்டில் முதல் சுற்று மருந்து முடிந்து ஊசி எடுக்கும் நாள். ஜொஹரா ஒரு புது வெள்ளைத் துண்டு கொண்டுவந்திருந்தார். இப்போது பாட்டிலே கிடையாது. ஒரு தடவைக்கு ஒன்று என்று சீல் வைத்த பொட்டலத்தில் மருந்து நனைத்த பஞ்சு வந்தது. குப்பண்ணன் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னால் வெட்கம்.

ஜிஸ்மி கை கழுவி, கிளவுஸ் மாட்டி, முதல் பொட்டலத்தைக் கிழித்துக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஈஸ்வரமூர்த்தியின் மூக்குக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். சீல் வைத்த பொட்டலத்துக்கு அது தேவையே இல்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவர் கண்ணை மூடி, கோயிலில் நிற்பதுபோல் மூச்சிழுத்தார். தும்மினார்.

"இருக்குது கண்ணு. காரமா இருக்குது."

குழாய் வாயைத் தேய்த்தாள்; காயவிட்டாள்; கழுவினாள்; ஊசியை எடுத்தாள். பிறகு இன்னொரு பொட்டலம், இன்னொரு தும்மல். தோலைத் துடைத்ததும் ஜானகியம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"அப்பப்பா! என்ன மோளே, இன்னிக்கு இப்படி எரியுது?"

ஜிஸ்மிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. ஈஸ்வரமூர்த்தி மனைவியின் தோளுக்குக் கீழே குனிந்து, சின்னப் பிள்ளைக்கு ஊதுவதுபோல் ஊதப் போனார்.

"ஊதாதீங்க!" என்று ஜிஸ்மியும் ஜொஹராவும் மௌனிகாவும் ஒரே குரலில் கத்தினார்கள். "எரியட்டும்!"